நாற்காலியில் ஓட்டம்

அன்புள்ள லிகாயா,

உன் இருமல் நின்றதா? அத்தையின் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

போன வாரம் கப்பல் படியில் கால் பிசகிவிட்டது. பயப்படாதே, கட்டுப் போட்டாயிற்று. ஆனால் மேல்தளத்தில் தினமும் ஓடும் நாற்பது சுற்று நின்றுபோனது. அதனால் ரத்த அழுத்தம் நூற்று அறுபதுக்கு ஏறிவிட்டது. பத்து நாளில் சிங்கப்பூரில் மருத்துவச் சோதனை. தேறாவிட்டால் அங்கேயே இறக்கிவிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயதுக்காரனை அப்புறம் எந்தக் கப்பல் ஏற்றும்?

சமையல்காரர் டோடோங்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார். "காலு போனா என்னய்யா, கை இருக்குல்ல? உக்காந்துக்கிட்டே காத்துல குத்து. மூச்சு வாங்கணும், அவ்வளவுதான்."

காலையும் மாலையும் குத்துகிறேன். "யாரு மேல இம்புட்டுக் கோவம்?" என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். நேற்றும் நூற்று அறுபதுதான், லிகாயா.

ஓர் உதவி செய். நம் ஊர் கூடைப்பந்துத் திடலில் விடியற்காலையில் எட்டு வரை எண்ணி எண்ணிப் பெண்களை உடற்பயிற்சிக்கு ஆடவைப்பாயே, அந்தக் குரலைப் பதிவு செய்து என் கைபேசிக்கு அனுப்பு. நானே எண்ணினால் நாலிலேயே கை விழுந்துவிடுகிறது.

கடிதம் கொண்டுபோகும் படகு கிளம்புகிறது. பின்வரிசைக்காரிகளை நீ திட்டுவதை மட்டும் வெட்டிவிடாதே. நானும் அந்த வரிசையில்தான் இருக்கிறேன்.

உன்
நெஸ்டோர்