மறுபடி கட்டிய தாலி

12-8-1991, திங்கள், ராஜபாளையம்

சிட்டு, உன் டைவர்ஸ் கேஸ் என்ன ஆயிற்று என்று கேட்க இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனேன். நீ செத்த பிறகும் தீர்ப்பு வரும் என்று நினைத்திருந்தேன். வக்கீலின் குமாஸ்தா, "கேஸ் போட்ட புள்ளையே இல்ல, பொறவு யாருக்கும்மா டைவர்ஸ்? கடைசி வரைக்கும் அவன் பொண்டாட்டிதான்" என்று கேஸ் கட்டை மூடிவிட்டார்.

திரும்பும்போது நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போய், ஸ்பெயின் தேசத்து சிஸ்டரிடம் டைவர்ஸ் என்ற அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டேன்.

"கட்டு அறுந்து போவது, அம்மா. எங்கள் பாஷையில் திவோர்சியோ. உங்கள் மகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்."

இந்த வீட்டில் நீ சிரித்து நான் பார்க்கவில்லை.

சிஸ்டரிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. தாலியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நீ என்னிடம் வந்தாய். நீ போன அன்று உன் அப்பாவோடு பிறந்த அத்தை, "வெறுங்கழுத்தோட அனுப்பாதீக மைனி, ஊரு சிரிக்கும்" என்றாள். நான்தான் ஆள் அனுப்பி அவனை வரவழைத்தேன். செத்த உன் கழுத்தில் அவன் மஞ்சள் கயிறு கட்டினான். நான் உன் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதோடுதான் எரித்தோம்.

அங்கேயாவது அதைக் கழற்றிவிட்டாயா, சிட்டு?