பூசைக்கு வராத வண்டி

ஆனி மாதம், வெள்ளி இரவு.

பண்ருட்டிப் பலாவைச் சிதம்பரத்துக்கு ஏற்றி வர ஆன்லைன் ஏலத்தில் ஒரு பழைய வேன் கிடைத்துவிட்டதென்று என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அட்வான்ஸ் அனுப்பப் போனவரிடமிருந்து போனை வாங்கி, ஏலக்காரனிடம் நானே பேசினேன்.

"வண்டி எங்க நிக்குது தம்பி? எலுமிச்சம்பழம் சுத்திட்டுப் பணம் போடுறோம்."

"டெலிவரி ஆனப்புறம் சுத்திக்குங்கம்மா."

"அப்ப வீடியோ கால்ல காட்டு. இங்கேருந்தே சூடம் காட்டிடறேன்."

வைத்துவிட்டான். திரும்ப அடித்தால் எடுக்கவே இல்லை.

"வண்டியே இல்ல போலருக்கு செல்வி," என்று இவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

"பணம் தப்பிச்சுதே மாமா, அப்புறம் என்ன?"

"முன்கண்ணாடில உன் பேர எழுதணும்னு பெயின்டர்கிட்ட சொல்லி வச்சிட்டேன்டி."

சிரிப்பதா, அழுவதா? நடராசா, இந்த மனுஷனுக்குச் சீக்கிரம் ஒரு நிஜ வண்டியைக் காட்டு.