கிழக்கு எண்டால் கடல்

மண்ணுக்குள்ளை போய்ப் படுத்தும் என்ரை காதுக்குள்ளை ஓயாமல் கதைச்சுக்கொண்டிருக்கிற என்ரை அக்காவுக்கு,

கால் ரெண்டும் வீங்கிப்போய்க் கிடக்கு. கொழும்பாலை வந்து இண்டைக்கு ஏழாம் நாள், இன்னும் சுடுதண்ணிக்குள்ளை காலை வைச்சுக்கொண்டுதான் இதை எழுதிறன். வாற கிழமை உன்ரை ஆண்டுப் பூசை. அதுக்கு முதல் உனக்கு ஒரு விசயம் சொல்லவேணும். கோயில் சுவாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலை முழந்தாளிலை நிண்டு சொல்ல எனக்கு வெக்கமாக் கிடக்கு. உன்னட்டைத்தானே வாக்குக் குடுத்தனான், உன்னட்டையே சொல்லிறன்.

நீ கடைசியாய்ப் பாயிலை கிடந்த கிழமை என்ரை கையைப் பிடிச்சுச் சொன்னது நினைவிருக்கே? "பிள்ளையள் ரெண்டையும் பிரிச்சுப் போடாதையடி." நான் ஓம் எண்டனான். அப்ப ரோசலினுக்கு ஒன்பது, திரேசாவுக்கு ஏழு. இப்ப பதினாறும் பதினாலும் அக்கா. ரெண்டும் என்னைவிட வளந்திட்டுதுகள். ஒரே பாய், ஒரே சீப்பு, விடிஞ்சாப் பொழுதுபட்டாச் சண்டை. மற்றவள் இல்லாட்டி ஒருத்திக்கும் சோறு இறங்காது.

நீ போனாப்பிறகு உன்ரை மனுசன் பிள்ளையளை என்னட்டை விட்டிட்டுக் கொழும்புக்குக் கிளாக்கர் வேலைக்குப் போய், அங்கையே இன்னொரு கலியாணமும் கட்டிப்போட்டார். உனக்குத் தெரியாட்டி இப்ப தெரிஞ்சுகொள். போன மாதம் அத்தானிட்டை இருந்து கடிதம் வந்தது. ரோசலினுக்குக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்திலை இடம் எடுத்திருக்கிறாராம், எஸ்.எஸ்.சி. வரைக்கும் படிப்பிப்பாராம். வீட்டிலை இப்போதைக்கு ஒராளுக்குத்தான் இடமாம். திரேசாவும் சும்மா வந்து கொழும்பைப் பாத்திட்டுப் போகட்டுமாம். எனக்கு நெருப்பெடுத்தது. பெத்த பிள்ளையிலை பாதி போதுமோ மனுசனுக்கு? கடிதத்தை உரத்து வாசிச்சது ரோசலின்தான். அதை மடிச்சுத் தன்ரை செபப் புத்தகத்துக்குள்ளை வைச்சாள். அப்பவே எனக்கு விளங்கியிருக்கவேணும்.

"கொழும்பு பாக்கப் போறம்" எண்டுதான் ஊருக்கெல்லாம் சொன்னனான். விடுறதோ கூட்டிக்கொண்டு வாறதோ எண்டு நான் முடிவு சொல்லேல்லை, அதுகளும் கேக்கேல்லை. என்ரை மனுசனுக்குக் கரைவலைக் காலம், வர ஏலாது. முல்லைத்தீவிலை பஸ் ஏறி, மாங்குளத்திலை தெரிஞ்ச வீட்டிலை தங்கி, காலமை ரயில் வண்டி பிடிச்சம். அத்தானுக்குப் பாரைக் கருவாடு பொட்டலம் கட்டிக் கொண்டு போனனான். அதின்ரை மணத்துக்கு எங்களைச் சுத்தி மூண்டு பேருக்கு இடம் காலியாய்க் கிடந்தது. "சின்னம்மா, அதைச் சீலைக்குள்ளை மறையுங்கோ, மானம் போகுது" எண்டு ரெண்டும் என்னைத் தெரியாத ஆக்கள் மாதிரி யன்னலைப் பாத்துக்கொண்டு வந்துதுகள். இந்த வயதுப் பொம்பிளைப் பிள்ளையளோடை பயணம் போறதுக்கு வலை இழுக்கலாம்.

அத்தான் ஸ்டேசனுக்கு வரேல்லை. அண்டைக்கு லீவு குடுக்கேல்லையாம். கடிதத்திலை வழி எழுதியிருந்தார்: ஸ்டேசனடியிலை பஸ் எடுத்து வெள்ளவத்தைச் சந்தையடியிலை இறங்கு, அடுத்த ஒழுங்கையிலை கிழக்காலை நட, பச்சைக் கேற் போட்ட வீடு. வலம் இடம் எண்டு வழி சொல்லிற பழக்கம் எங்கடை ஆக்களிட்டை இல்லைத்தானே, திசைதான்.

எனக்குக் கிழக்கு எண்டால் கடல். பிறந்த நாள் துவக்கம் எங்கடை வீட்டிலை கடலுக்கு மேலைதான் விடியிறது. பஸ்ஸாலை இறங்கினன், உப்புக்காத்து வந்த பக்கம் திரும்பினன், நடந்தன். பிள்ளையளும் ஒண்டும் கேக்காமல் பின்னாலை வந்துதுகள். அதுகளும் எங்கடை கடற்கரையிலை வளந்ததுகள்தானே.

ஒழுங்கை முடியத் தண்டவாளம், அங்காலை கடல். பச்சைக் கேற்றும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. திரும்பி வந்து அடுத்த ஒழுங்கை. அங்கையும் தண்டவாளம், கடல். வெய்யில் நேரே கண்ணுக்குள்ளை குத்துது. திரேசா கேட்டாள்: "சின்னம்மா, பின்னேரம் ஏன் சூரியன் கடலுக்கு மேலை நிக்குது? எங்கடை கடலிலை காலமையெல்லோ நிக்கும்?"

அந்த இடத்திலை எனக்கு எல்லாம் விளங்கிப்போச்சு அக்கா. இது மேற்குக் கடல். பஸ் நிண்ட பெரிய ரோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போயிருக்கவேணும்.

விளங்கியும் நான் திரும்பேல்லை. "வாங்கோ, அடுத்த ஒழுங்கையாய்த்தான் இருக்கும்" எண்டு மூண்டாவது ஒழுங்கையிலையும் கடல் பக்கமே இறங்கினன். நாலாவதிலையும் இறங்கினன். வழியிலை நிண்ட ஒரு சனத்தையும் நான் விசாரிக்கேல்லை. பொழுதுபட்டால் வீடு பிடிபடேல்லை எண்டு எழுதிப்போட்டு மெயில் வண்டியிலை திரும்பியிடலாம், உனக்குக் குடுத்த வாக்கையும் காப்பாத்தியிடலாம். இதுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. வேணுமெண்டு வழி தவறினனான். அந்தக் கொதிக்கிற வெய்யிலிலை உன்ரை பிள்ளையள் ரெண்டையும் இழுத்துக்கொண்டு.

நாலாவது ஒழுங்கை முடியிற இடத்திலை ரோசலின் பெட்டியைக் கீழை வைச்சாள். "சின்னம்மா, நடந்தது போதும். திரும்புவமே?" எண்டாள். குரலிலை துளி கோவம் இல்லை. எப்ப விளங்கினது எண்டு நான் கேக்கேல்லை. பள்ளிக்கூடத்திலை இலங்கைப் படம் கீறினவள், எனக்கு முதலே விளங்கியிருக்கும். தெரிஞ்சுகொண்டும் எனக்காக ரெண்டு ஒழுங்கை பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள்.

"உனக்குப் படிக்க விருப்பமோ பிள்ளை?" எண்டு அங்கை நிண்டுதான் முதல் முதலாய்க் கேட்டனான். ஏன் வீட்டிலையே கேக்கேல்லை நான்? "ஓம்" எண்டாள். பிறகு மெல்லமாய், "ஓம் எண்டால் அம்மா கோவிப்பாவோ?" எண்டாள். என்னட்டைக் கேக்கிறாள்! நீ கோவிப்பியே?

பச்சைக் கேற் பஸ்ஸாலை இறங்கின இடத்திலை இருந்து கூப்பிடு தூரம். அத்தான்ரை பெஞ்சாதி எங்களைக் காணேல்லை எண்டு கேற்றடியிலையே நிண்டவா. கருவாட்டுப் பொட்டலத்தை மணந்து பாத்திட்டு, "ஐயோ, எவ்வளவு நாளாச்சு!" எண்டு குசினிக்குள்ளை கொண்டு ஓடினா. என்ரை காலுக்குச் சுடுதண்ணி வைச்சுத் தந்ததும் அவாதான். அவா கெட்ட மனுசியாய் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு லேசாய் இருந்திருக்கும்!

"மற்றவளுக்கும் இடம் பண்ண ஏலாதோ?" எண்டு அத்தானைக் கேட்டன். நிலத்தைப் பாத்துக்கொண்டு, "ரெண்டே ரெண்டு அறை" எண்டார். அவையின்ரை மூண்டு சின்னப் பிள்ளையளும் பக்கத்திலை நிண்டுதுகள். அதுவும் உண்மைதான், நான் என்ன செய்ய.

மூண்டு நாள் எங்களைக் கொண்டு திரிஞ்சார். காலிமுகத் திடல், கோயில், மிருகக்காட்சிச்சாலை. திரேசா ஒண்டையும் நிமிந்து பாக்கேல்லை. "ஆனை எங்கடை பக்கத்திலை சும்மாவே வருது" எண்டாள், அவ்வளவுதான். ஸ்டேசனிலை ரோசலின் அந்த ஒற்றைச் சீப்பைத் தங்கச்சியின்ரை கைக்குள்ளை வைச்சாள். திரேசா அதைத் திருப்பி அவளின்ரை கைக்குள்ளை வைச்சாள். வண்டி வெளிக்கிடுமட்டும் ரெண்டும் அதுக்குத்தான் சண்டை. எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

இப்ப வீடு செத்துக் கிடக்கு அக்கா, சண்டை பிடிக்க ஆளில்லை. சின்னவள் பாயிலை பாதியை விட்டிட்டுப் படுக்கிறாள். நான் போய்ப் பக்கத்திலை சரிஞ்சால், "அது அக்காவின்ரை இடம்" எண்டு எழுப்பி விடுறாள். நேற்று ரோசலினிட்டை இருந்து கடிதம் வந்தது. பள்ளிக்கூடம் பிடிச்சிருக்காம். அவள் அப்பிடி எழுதினதிலை எனக்குச் சந்தோசம்தான், எண்டாலும் முழுச் சந்தோசம் எண்டு உனக்குப் பொய் சொல்ல மாட்டன்.

ஒரு வாக்கை முறிச்சுப்போட்டன். இன்னொண்டு தாறன், பிடி. மார்கழி லீவுக்கு ரோசலின் இஞ்சை வருவாள். மற்ற லீவுக்குத் திரேசாவை நான் அங்கை கொண்டு போவன். எந்த லீவும் ரெண்டும் தனித்தனியாய்க் கிடக்க விடமாட்டன். கால் வீங்கினால் வீங்கட்டும். அந்தச் சந்தையடியிலை இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேரே பச்சைக் கேற்றுக்கு நடப்பன்.

உன்ரை பிள்ளையளைப் பெறாமல் வளத்த
உன்ரை தங்கச்சி,
ஞானம்