நீ காட்டிக்கொடுக்காத இடம்

மச்சான்,

இன்று காலை நம் மீனவர் சங்கத்து மேசையில் ஒரு முருகைக்கல் கிடந்தது; பவளப்பாறையில் உடைத்த துண்டு. கடல் நாற்றம் இன்னும் போகவில்லை. தவிட்டு நிறமும் ஊதாவுமாக இருக்க வேண்டிய கல், சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. கடலடியில் இருக்கும் நம் கல்லுப் பாரிலிருந்து சுழியோடி எடுத்துவந்தது. கடல் ஆராய வந்த பெண் அதைத் தட்டிக் காட்டினாள்.

"ஐயா, தண்ணி சூடேறினால் இந்தக் கல்லு வெளுத்துச் செத்துப்போகும். பிறகு கலவாய் மீனுக்கு ஒளிக்க இடமில்லை, தின்னவும் ஒண்டுமில்லை. குளிர்ந்த ஆழம் தேடிப் போயிடும்."

"எப்ப தொடங்கினது?"

"கன வருசமாச்சு. பக்கத்துத் துறைப் பாரும் உப்பிடித்தான்."

கதிரையை உதைத்துத் தள்ளிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்தக் கல்லுப் பார் நம் இருவருக்கு மட்டுமே தெரிந்த இடம். கடலில் நின்று பார்க்க, கோயில் கோபுரமும் ஒற்றைப் பனையும் ஒரே நேரில் வர வேண்டும்; மேற்கே வெளிச்சவீடு தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் மறைய வேண்டும். அங்கே தூண்டில் விட்டால் கலவாய் ஏறும். "பெண்சாதிக்கும் சொல்லாதை. கோயிலிலை கும்பிடேக்கையும் நினையாதை, சாமிக்கும் வாய் இருக்கு" என்பாய். நெல்லியடிச் சந்தையில் நம் மீனுக்கு ஆட்கள் காத்து நிற்பார்கள்.

ஒரு சோளகக் காற்றுக் காலத்தில் தூண்டில் வெறுமையாக வந்தது. அடுத்த கிழமையும் அப்படியே. அப்போதுதான் பக்கத்துத் துறை வள்ளம் ஒன்று நம் பாருக்கு மேலே நின்றதைக் கண்டேன். மீன் இல்லையென்றால் எவனோ இடத்தைச் சொல்லிவிட்டான் என்றுதானே நம் ஆட்களின் புத்தி போகும்? கரையில், எல்லோரும் பார்த்திருக்க, "நீதானே காட்டிக் குடுத்தனீ?" என்று உன் முகத்தில் துப்பினேன். போர் கண்ட இந்த மண்ணில் அந்தச் சொல்லின் பாரம் தெரிந்துதான் சொன்னேன்.

நீ முகத்தைத் துடைத்தாய். "உனக்கு அப்பிடிப் பட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றாய். ஏனடா எனக்கு ஓங்கி ஒன்று அறையவில்லை? அந்த வள்ளக்காரனும் தன் பார் செத்து, மீன் தேடி அலைந்தவன் என்று இன்றைக்குத்தான் விளங்குகிறது.

கடலைச் சூடாக்கியவன் எங்கேயோ குளிரறையில் இருக்கிறான். நமக்கோ மீனுக்குப் போட ஐஸ் கட்டியும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. அவன் முகம் எனக்குத் தெரியாது. தெரிந்த முகம் உன்னுடையது, அதில் துப்பினேன். இப்போது அந்தப் பெண்ணுக்கு இடத்தைக் காட்டியதும் நான்தான். இத்தனை காலத்தில் அதைப் பிறருக்குக் காட்டியவன் நான் ஒருவன்தான்.

உன் செத்தவீட்டுக்கு வந்து, வாசல் படலையோடு திரும்பியவன் நான். இன்று உள்ளே போனேன். உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"நீங்கள் கதைக்காமல் விட்ட பிறகும் அவர் ஒவ்வொரு நாளும் கடற்கரைக்குப் போவார், அண்ணை. நீங்கள் தனிய ஆழக்கடலுக்குப் போறியள் எண்டு பயம். உங்கடை வள்ளம் கரைக்கு வந்ததைக் கண்டாத்தான் சோறு தின்னுவார்."

எனக்கு அழுகை வரவில்லை, மச்சான். ஆத்திரம்தான் வந்தது. கடலைக் கெடுத்தவன் மேல், என் மேல், எல்லாவற்றையும்விட உன் மேல். என்னை ஒரு நாளாவது வெறுத்துவிட்டுச் செத்திருக்கலாமேயடா.