அடைப்புக்குள்ளே எரிந்த பச்சை விளக்கு

என் தங்கம் தேன்மொழிக்கு,

அம்மா எழுதுறேன்டி. அஞ்சாப்போட படிப்பு நின்ன கை, பிழை இருந்தாப் பொறுத்துக்க. உன் கிளாஸ் புள்ளைக உன் நினைவாப் போடுற மலருக்கு, "தேனக்காவைப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்கத்தை"ன்னு ராசாத்தி வந்து கேட்டா. நாலு வரியில அடங்குற மாதிரியா நீ போயிருக்க?

மல்லி இப்ப நல்லாப் பூக்குது. உங்கண்ணன் பாண்டி வழக்கம்போல வேன்ல நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்கு ஏத்திட்டுப் போறான். புள்ளைக காலையில பூ எடுத்துட்டு, கையில வாசம் போகுறதுக்குள்ள படிக்க ஓடியாருமே, அந்த நேரம் வந்தா என் காலு தானா உன் ரூமுப் பக்கம் போகும். போய்ப் பூட்டைப் பாத்துட்டுத் திரும்பி வருவேன்.

ஆமாண்டி, பூட்டுத்தான். நீ கண்ணை மூடினது அவிட்ட நட்சத்திரத்துல. ஆறு மாசம் அடைப்புன்னுட்டாரு உங்க பெரியப்பா. உயிர் போன ரூமைப் பூட்டிரணும், உள்ள யாரும் போகக் கூடாது, ஒரு பொருளும் வெளிய வரக் கூடாது. மீறுனா அந்த வீட்டுல இன்னொரு உசுரு போகும்னு சொல்லுவாங்க. உன்னையக்கூட வாசல் வழியாக் கொண்டு போகலை. பின் சுவரை இடிச்சு, அந்த வழியாத்தான் தூக்கிட்டுப் போனாங்க. பிறகு செங்கலை அடுக்கி மண்ணைப் பூசிட்டாங்க. நான் பாத்துக்கிட்டே நின்னேன்.

நம்ம வீட்டு அந்த ரூமு என்ன ரூமுன்னு மலர் படிக்கிறவங்களுக்குத் தெரியாது, அதனால சொல்றேன். பல்கலைக்கழகத்துக்காரங்க நம்ம மாடியில, வானத்துல இருந்து பாடத்தைப் பிடிக்குற டிஷ் குடையை மாட்டுன அன்னைக்கு அந்தப் பேராசிரியரம்மா பேசுனது இன்னும் காதுல இருக்கு. இனிவர்ற காலத்துல படிக்க வர்ற அம்புட்டுப் பேருக்கும் விடுதி கட்ட முடியாது, வாத்தியாரும் போதுமான ஆள் கிடைக்க மாட்டாங்க, பொம்பளப் புள்ளைகளை நீங்களும் ஊரு தாண்டி அனுப்ப மாட்டீங்க, அதனால பல்கலைக்கழகமே ஊருக்கு வந்தாகணும், அதுக்கு வானம்தான் வழின்னாங்க. மலை மறைச்சு செல்போன் எடுக்காத நம்ம ஊரைச் சோதனைக்குன்னு எடுத்தாங்க. இங்க நல்லபடியா நடந்தா மத்த ஊருகளுக்கும் வரும்னாங்க. உன்னைய அதுக்குப் பொறுப்பாளியாப் போட்டு, உன் ரூமையே கிளாஸா ஆக்குனாங்க.

"பாடம் அனுப்புற அந்தச் சேட்டிலைட்டு எங்கடி நிக்குது?"ன்னு நான் மேல பாத்துக் கேட்டேன். "நிக்கலைம்மா, பூமி சுத்துற வேகத்துக்கே அதுவும் சுத்துது. அதான் நம்ம தலைக்கு மேல நின்ன மாதிரி இருக்கும்"னு சொன்ன. எனக்குப் பாதி புரிஞ்சுச்சு. நம்மளை விட்டுட்டுப் போகாதுன்னு மட்டும் புரிஞ்சுச்சு.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில இனி வீட்டுல வச்சுப் பாத்துக்கங்கன்னு சொன்ன பிறகும், நீ அந்த ரூமுலதானே கட்டிலைப் போடச் சொன்ன? "நான் கண்ணை மூடிக்கிட்டுக் கேக்குறேன், பாடத்தை நிறுத்தாதீக"ன்னு புள்ளைககிட்ட சொன்ன. அதனாலதான் உன் உசுரும் அங்கயே போச்சு. குடையில வர்ற பாடத்தை வாங்குற பெட்டியும், அதைக் காட்டுற டிவியும் உள்ள மாட்டிக்கிச்சு.

இப்பப் புள்ளைகளுக்குப் பாடம் இல்லை. பரிட்சை வருது. வேற பெட்டி கேட்டதுக்கு, பழசைத் திருப்பிக் குடுத்தாத்தான் புதுசுன்னாங்க. பேராசிரியரம்மாவே நம்ம வீட்டு வயர் போனுக்குக் கூப்பிட்டாங்க. "அம்மா, எங்க மேப்புல உங்க ஊரு பச்சையாத்தான் இருக்கு. பெட்டி ஓடுது. ஆனா ஒருத்தரும் வந்து உக்காந்ததா பதிவு இல்லை. இப்படியே இருந்தா சென்டரை வேற ஊருக்கு மாத்திருவாங்க. ஒரு ரூமைத் திறக்குறதுல என்னம்மா இருக்கு?"ன்னாங்க.

என்ன இருக்கா? அவங்க நல்லவங்கதான். ஆனா அவங்களுக்கு எப்படிச் சொல்லிப் புரிய வைப்பேன்? உங்கண்ணன் பொண்டாட்டி சுகன்யா வயித்துப் புள்ளையோட வத்தலக்குண்டுல ஆத்தா வீட்டுல இருக்கா. இன்னொரு உசுருன்னா எந்த உசுரு? அம்புட்டு உசரத்துல இருந்து வர்ற பாடம், ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் வர முடியாமக் கிடக்குது. அதுக்குப் படிச்சவங்க யாராச்சும் ஒரு வழி யோசிச்சிருக்காங்களா?

ராசாத்திதான் ஒருநாள் வாய் விட்டுச் சொன்னா. "அத்தை, தேனக்கா மட்டும் இருந்திருந்தா இந்தப் பூட்டை ஒடைச்சிருக்கும்."

"அவ இருந்திருந்தா ஏன்டி பூட்டு?"ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். பிறகு அவ அழுதா. அவளுக்கு மாப்பிள்ளை பாக்குறாங்க, தெரியுமா? படிப்பு நின்னா அடுத்த முகூர்த்தத்துல தள்ளி விட்ருவாங்க.

பேகம்பூர்ல இருந்து குடையைச் சரி பண்ண வருவாரே யூசுப் பாய், அவரை வரச் சொன்னேன். மாடியைப் பாத்துட்டு வந்தாரு. "அக்கா, பெட்டி வெளிய வந்தாப் போதும். வயரை நான் இந்தப் பக்கமா இறக்கித் தாரேன். ஆனா எடுங்கன்னு நான் சொல்லக் கூடாது. எங்களுக்கு இந்த வழக்கம் இல்ல, நாளைக்கு ஒண்ணுன்னா எனக்கும் தூக்கம் வராது"ன்னாரு. நேர்மையான மனுசன்.

யாரைக் கேக்குறது? யாரு உசுருக்குப் பயப்படுறேனோ அவகிட்டத்தானே கேக்கணும்? சுகன்யாவுக்குப் போன் போட்டேன். எடுத்த எடுப்புல கோவம் வந்துருச்சு அவளுக்கு. "என்கிட்ட ஏன் அத்தை கேக்குறீக? எடுங்கன்னாலும் நான்தான் பாவி, எடுக்காதீகன்னாலும் நான்தான் பாவி"ன்னு வச்சுட்டா. அவ சொன்னதுலயும் ஞாயம் இருக்கே.

மறுநாள் அவளே கூப்பிட்டா. "அத்தை, நானும் அந்தக் கிளாஸ்ல ஒருத்திதானே? என் புத்தகமும் உள்ளதான் இருக்கு. எனக்கும் பரிட்சை வருதுல்ல. எனக்குப் பயமாத்தான் இருக்கு. கதவை மட்டும் திறக்காதீக. தேனு போன வழியா எடுங்க"ன்னா.

உங்க பெரியப்பா கொல்லையில வந்து நின்னு மறிச்சாரு. "மருமக வயித்துல புள்ளையை வச்சுக்கிட்டு இந்த ஆட்டம் ஆடுறியே, நீ மனுசிதானா?"ன்னாரு. "மாமா, வாசல் பூட்டு பூட்டாத்தான் இருக்கு. என் மகளுக்குன்னு நீங்க போட்ட வழியில நான்தான் போறேன். போறதா இருந்தா என் உசுரு போகட்டும்"னேன். அவரு துண்டை உதறிட்டுப் போயிட்டாரு. அவரு கெட்டவரு இல்லடி. அன்னைக்குப் பின் சுவரை முதல்ல இடிச்ச கை அவரு கை. அழுதுக்கிட்டேதான் இடிச்சாரு.

மண்ணைச் சுரண்டி, பாண்டி செங்கலை ஒவ்வொண்ணா எடுத்தான். நான் குனிஞ்சு உள்ள போனேன்.

இருட்டுடி. தைல வாடை அப்படியே நின்னுச்சு. உன் செருப்பு கட்டிலுக்குக் கீழ சேர்த்து வச்சபடி இருந்துச்சு. மூலையில, பெட்டி மேல பச்சையா ஒரு விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நாங்க யாரும் அதை நிறுத்தவே இல்லையே. நீ போனதுல இருந்து தினமும் பாடம் அந்தப் பூட்டுன ரூமுக்கு வந்துக்கிட்டே இருந்திருக்கு, கேக்க ஆள் இல்லாம. பேராசிரியரம்மா பச்சையா இருக்குன்னு சொன்னது இதைத்தான்னு அப்பத்தான் விளங்குச்சு. ஆள் இல்லாமலா? நீ கேட்டுக்கிட்டு இருந்தியா?

பெட்டியையும் டிவியையும் சுகன்யா புத்தகத்தையும் எடுத்தோம். உன்னையக் கொண்டு போன வழியாச்சே, டிவிக்குத் தாராளமா இருந்துச்சு. பூ தரம் பிரிக்கிற தகரக் கொட்டகையில இப்பப் பாடம் நடக்குது. பூக்கூடைகளுக்கு நடுவுல புள்ளைக உக்காந்திருக்குக. சுகன்யாவுக்கு ராசாத்தி பாடத்தை எழுதி வேன்ல குடுத்து விடுறா. சென்டரை மாத்துறதை இப்போதைக்கு நிறுத்தி வச்சிருக்காங்களாம். இப்போதைக்குன்னுதான் சொல்லியிருக்காங்க.

ஆனா தேனு, எனக்கு நெஞ்சு ஆறலை. வத்தலக்குண்டுல இருந்து போன் வந்தா சாமியைக் கும்பிட்டுட்டுத்தான் எடுக்குறேன். அவளுக்குக் கொஞ்சம் கால் வீங்குனாலும் நான் செங்கலை எடுத்ததாலதானோன்னு தோணுது. டாக்டரம்மா நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. உங்க பெரியப்பா இந்த வாசப்படி மிதிக்கிறதில்லை. நான் செஞ்சது சரியா? நீயாச்சும் சொல்லக் கூடாதா?

அன்னைக்கே அந்த வழியை என் கையால மறுபடி அடைச்சுட்டேன். இந்தத் தடவை மண்ணு இல்லை, சிமிண்டு. இனி அந்த வழியா யாரும் போகக் கூடாது. அதை நீ உள்ள இருந்து பாத்துக்க. வெளிய நான் பாத்துக்கிறேன். மழையோ வெயிலோ, யாரு பேசுனாலும் பேசாட்டாலும், கொட்டகையில பாடம் நிக்காது. அடைப்பு முடியுற அன்னைக்கு வாசல் கதவைத் திறந்து, சுகன்யா புள்ளையைத் தூக்கிட்டு முன்னால வர, நான் பெட்டியைத் தூக்கிட்டுப் பின்னால வாரேன். அது இருந்த இடத்துலயே வைக்கிறேன். அதுவரைக்கும் அந்தப் பச்சை விளக்கை அணைய விட மாட்டேன்டி.

உன்னையப் பெத்து, உன் பாடத்துக்கு இப்பக் காவல் இருக்குற அம்மா,
பேச்சியம்மாள்