சித்திரக் குயில் பட்டமும் அமெரிக்க விசாவும்

அங்கேயும் யாரையாவது மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருக்கும் என் அன்புப் பராவுக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தங்கை மகள் மயூரிக்கு அமெரிக்க விசா கிடைத்துவிட்டது. இன்னும் மூன்று வருடம் சிகாகோவில் அவள் சுவர் சுவராக ஓவியம் தீட்டலாம். அதற்கு நானும் ஒரு கடிதம் எழுதினேன். அந்தக் கதையை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

இலையுதிர் காலத்தில் ஒருநாள் அவள் தொலைபேசி எடுத்தாள். “மாமா, நான் நல்ல ஆர்ட்டிஸ்ட் எண்டு வேறை நாடுகளிலை இருந்தும் காட்டவேணுமாம். கோல்டிங்கிலை எனக்குப் பட்டம் தந்தனீங்கள் எல்லோ, அதைப் போடலாமோ?” பிரிட்டனிலிருந்து அமெரிக்கா போன கலைஞர்களுக்குக் கைகொடுக்க அங்கே ஒரு சின்னக் குழு இருக்கிறதாம். அதிலிருக்கும் எலன் என்ற பெண்மணிதான் இவளுடைய விண்ணப்பத்தைத் தயார் செய்தார். விசா கிடைக்காவிட்டால் பாதி வரைந்த சுவரை அப்படியே விட்டுவிட்டு இவள் இலண்டனுக்குத் திரும்பவேண்டும்.

உனக்கு ஞாபகமிருக்கும். அந்தக் கோடை விடுமுறையில் இலண்டனிலிருந்து இங்கே டென்மார்க்குக்கு வந்து, நம் தமிழ்ச் சங்க மண்டபத்தின் பின்சுவரில், பனிக்குள் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகும் நம் பெண்களை வரைந்தாள். ஆண்டுவிழாவில் நீ அவளுக்குப் பொன்னாடை போர்த்திச் ‘சித்திரக் குயில்’ என்று பட்டம் கொடுத்தாய். பிள்ளைக்குப் பாடவே வராதே என்று உன் காதுக்குள் சொன்னேன். “குயில் எண்டால் கேக்க வடிவா இருக்கு அண்ணை” என்றாய். மைக் பூட்டியவருக்கும் வடை சுட்டவருக்கும் கூடப் பட்டம் கொடுத்த செயலாளர் அல்லவா நீ.

எலன் கேள்விகள் அனுப்பியிருந்தார். விருதுக்கு ஆளைத் தேர்ந்தெடுத்தது யார்? நடுவர் குழுவில் எத்தனை பேர்? கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் உறவு உண்டா?

நடுவர் குழுவாம்! அந்தப் பொன்னாடை, கொப்பன்ஹேகனிலிருந்து வரவிருந்த பிரதம விருந்தினருக்காக வாங்கியது. அவர் ரெயிலைத் தவறவிட்டார் என்று மைக்கில் சொல்லி, சும்மா கிடந்த பொன்னாடைக்கு நீ மயூரியைக் கூப்பிட்டாய். ரெயில் தந்த பட்டம் என்று நீ கண்மூடும்வரை உன்னைக் கேலி செய்தேனே. இதை எழுதினால் பிள்ளையின் பிழைப்பு கெடும். எழுதாவிட்டால் பொய். இரண்டு நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

விழாப் படமாவது கிடைக்குமா என்று உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி ராணி தேத்தண்ணி ஊற்றித் தந்து எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு சிரித்தாள்.

“ரெயிலும் இல்லை, ஒண்டும் இல்லை அண்ணை. விழாவுக்கு முதல்நாள் சுவரைப் பாத்திட்டு வந்து, அந்த மனிசனுக்கு இவர்தான் ஃபோன் எடுத்து, அடுத்த வருசம் வாங்கோ எண்டு சொன்னவர். சொந்த மருமகளுக்குப் பொன்னாடை போட்டால் சனம் கதைக்கும் எண்டு பயம்.”

அடேய் பரா, ஊருக்கெல்லாம் பட்டம் கொடுத்த உனக்கு, அந்தப் பிள்ளையைப் பாராட்ட ஒரு பொய் ரெயில் தேவைப்பட்டதா? என்னிடமாவது சொல்லியிருக்கக்கூடாதா? எனக்குக் கோபம் வந்தது, கண்ணும் நிறைந்தது.

நடந்ததை நடந்தபடியே எலனுக்கு எழுதினேன். மாமன் கொடுத்த பட்டத்தை விருதாகக் காட்ட முடியாது என்று பதில் வந்தது. ஆனால் என்னைப் போல இரத்த உறவில்லாத ஒருவர் அந்தச் சுவரைப் பற்றி எழுதினால் அதற்கு மதிப்பு உண்டாம். ‘நல்ல பிள்ளை, கெட்டிக்காரி’ என்றெல்லாம் எழுதவேண்டாம், கண்ணால் கண்டதை எழுதுங்கள் என்றார். நாயோடு உலாத்தப் போகும் டெனிஷ்காரர் அங்கே நின்று பார்ப்பதை எழுதினேன். தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்லும் என் பேத்தி, அந்தப் பெண்கள் ஒவ்வொருவரின் பெயரையும் என்னிடம் கேட்டுப் பாடமாக்கியதை எழுதினேன். மகன் அதை ஆங்கிலத்தில் மாற்றித் தந்தான்.

போன கிழமை விசா வந்தது. மயூரியிடம் ரெயில் கதையைச் சொன்னேன். “பரா மாமா என்னட்டை நல்லா இருக்கெண்டு ஒருநாளும் சொல்லேல்லை. நிலத்திலை பெயின்ற் சிந்திக் கிடக்கு, துடை எண்டுதான் சொன்னவர்” என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

வசந்தத்தில் ராணியும் நானும் சிகாகோ போகிறோம். அவள் அங்கே வரையும் சுவருக்கு முன்னால் நின்று, நாலு பேர் கேட்க, ‘நல்லா இருக்கு பிள்ளை’ என்று உனக்கும் சேர்த்து நான் சொல்லுவேன். இது சத்தியம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கடிதத்தின் அடியில் எலன் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். ‘இந்தக் குடும்பத்துக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை’ என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். அந்தக் கடிதத்தில் நான் எழுதிய பொய் அது ஒன்றுதான்.

கோல்டிங்கிலிருந்து,
உன் அண்ணை