கவிதா கண்டுபிடித்த தளம்

செவ்வாய்க்கிழமை, மாசாய் நகரம்

கல்லூரி ஆசிரியர் கூட்டத்தில் இன்று என்னோடு பாடம் நடத்தும் கவிதாவுக்குத்தான் எல்லாப் பாராட்டும். முதலாம் ஆண்டு உயிரியல் பாடத்தைத் திட்டமிட ஓர் இலவச இணையதளத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். செல் பிரிவதைக் காட்டும் காணொளி, ஆய்வுக்கூடப் பயிற்சி, எல்லாம் அதில் இருக்கின்றன. துறைத்தலைவர் கைதட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

அந்தத் தளம் எனக்குப் போன வருடமே தெரியும். என் வகுப்பு மட்டும் பேர் வாங்கட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

கூட்டம் முடிந்ததும் பக்கத்தில் வந்தாள். "அக்கா, நீங்க தனியா ரொம்ப கஷ்டப்படுறீங்க லா. லிங்க் அனுப்பட்டுமா?"

"அனுப்புமா, பார்க்கிறேன்," என்றேன், புதிதாகக் கேள்விப்படுகிறவளைப் போல.

வீட்டுக்கு வருவதற்குள் அனுப்பிவிட்டாள். திறந்ததும் தளம் என் பெயரைச் சொல்லி, மீண்டும் வந்ததில் மகிழ்ச்சி என்றது. அவளுக்கு நன்றி என்று பதில் எழுதினேன்.